வேலைக்குப் போய்க்கொண்டே வாரத் தொடரும் நாவலும்: நாளை எப்படிப் பிரிப்பது?

கரிசல்மண் கேட்டது:

வணக்கம். காலை 9:30 முதல் மாலை 6 வரை அலுவலகம், போக வர ஒன்றரை மணி நேரம். வார இதழ் ஒன்றுக்கு 26 வாரத் தொடர் எழுத ஒப்புக்கொண்டாயிற்று, வாரம் 900 சொல். கூடவே 22,000 சொல்லில் பாதியில் நிற்கும் நாவல்.

உட்கார்ந்தால் நேற்று எழுதியதைத் திருத்துவதிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது, புதிதாக ஒரு பத்திகூட நகர்வதில்லை. கைபேசியில் பாதி, மடிக்கணினியில் பாதி எழுதுவதால் எந்தக் கோப்பு புதுசு என்றும் தெரிவதில்லை. காலையில் எழுதுவதா, இரவிலா? ஒரு நாளைக்கு எத்தனை சொல் வைத்துக்கொள்ளலாம்? தொடர் பிறகு நூலாக வர வேண்டும் என்பதால், இப்போதே எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். "மனசு வைத்தால் முடியும்" வகைப் பதில்கள் வேண்டாம், ஏற்கெனவே நிறைய கிடைத்துவிட்டன.

நீலமை எழுதியது:

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். தொடருக்கு வாரம் 900 சொல் என்றால் நான்கு அமர்வு. 450, 450 என்று இரண்டு அமர்வில் முதல் வரைவு, ஒன்றில் திருத்தம், கடைசியில் பிழை பார்த்து அனுப்புவது. இதில் வரைவு இரண்டும் காலையில், மற்ற இரண்டும் இரவில். நாவலுக்கு மூன்று காலை, காலைக்கு 400 சொல். வாரம் 1,200 என்று 26 வாரத்தில் 31,200. கையிலிருக்கும் 22,000-ஐச் சேர்த்தால் 53,200 சொல். தொடர் முடியும்போது நாவலின் முதல் வரைவும் முடிந்திருக்கும். ஆக வாரத்தில் ஐந்து காலை, இரண்டு இரவு. மிச்சமுள்ள இரண்டு காலையில் ஒன்றை எதுவும் வைக்காமல் விட்டுவிடுங்கள். கல்யாணம், காய்ச்சல், மின்தடை எல்லாம் அதற்குள் போய் விழட்டும்.

காலை அமர்வு ஒன்றரை மணி நேரம், உதாரணமாக 5:15 முதல் 6:45 வரை. முதல் பத்து நிமிடம் முந்தைய அமர்வின் கடைசி 200 சொல்லை மட்டும் படியுங்கள், கை வைக்காமல். அத்தியாயத்தின் தலையிலிருந்து படிக்கத் தொடங்குவதுதான் உங்கள் சிக்கலின் வேர். தலையிலிருந்து படித்தால் திருத்தத் தோன்றும், திருத்தினால் காலை போய்விடும். முதல் பக்கம் இருபது தடவை மெருகேறி, கடைசிப் பக்கம் பச்சையாக நிற்கும் வரைவுகள் எல்லாம் இப்படி உண்டானவைதான்.

அடுத்த ஒரு மணி நேரம் வரைவு. சந்தேகம் வந்தால் நிற்காதீர்கள். அந்த இடத்தில் 'ஃஃ' என்று போட்டுவிட்டு நகருங்கள்: "ஃஃ அந்த வருஷம் டவுன் பஸ் கட்டணம்?", "ஃஃ இந்த மாசத்தில் நாற்றங்காலா, நடவா?" என்று. இரண்டு ஆய்தம் அடுத்தடுத்து வரும் சொல் இன்றைய தமிழ் உரைநடையில் கிடையாது. அதனால் பிறகு கோப்பில் 'ஃஃ' என்று தேடினால் சந்தேகங்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். நட்சத்திரக் குறியோ கேள்விக்குறியோ போட்டால் நிஜக் கேள்விக்குறிகளோடு கலந்துவிடும்.

கடைசி இருபது நிமிடம் முக்கியம். அடுத்த காட்சியில் யார் இருக்கிறார்கள், எந்த இடம், எதில் முடிகிறது என்று மூன்று வரி எழுதி வைத்துவிட்டு எழுந்திருங்கள். காட்சியை முடித்துவிட்டு எழுந்தால் மறுநாள் வெற்றுப் பக்கத்தின் முன் உட்கார வேண்டியிருக்கும். உரையாடலின் நடுவில் நிறுத்துங்கள், முடிந்தால் ஒரு கேள்வி கேட்கப்பட்டுப் பதில் வராத இடத்தில்.

இரவு வேலை வேறு. கற்பனை தேவைப்படாதவை எல்லாம் இரவுக்கு: 'ஃஃ' சந்தேகங்களைத் தீர்ப்பது, பிழை பார்ப்பது, மின்னஞ்சல், உறவு அட்டவணை. அலுவலகம் முடித்துக் களைத்து வந்த மூளைக்கு இவை பொருந்தும். ஒரே அமர்வில் வரைவும் திருத்தமும் வேண்டவே வேண்டாம்.

தவறவிட்ட நாளின் சொற்களை மறுநாள் கணக்கில் ஏற்றாதீர்கள். 400 விட்டுப்போனால் மறுநாள் 800 என்று ஆகும், அதுவும் முடியாது, மூன்றாம் நாள் 1,200. நான்காம் நாள் மேசைப் பக்கமே போகமாட்டோம்.

தொடருக்கு இன்னொன்று. முதல் அத்தியாயம் அச்சில் வரும்போது கையில் நான்கு அத்தியாயம் தயாராக இருக்க வேண்டும். பொங்கல், தீபாவளி வாரங்களில் இதழ் முன்கூட்டியே முடிக்கப்படும், உங்களுக்கான கெடுவும் சேர்ந்து முன்னே வரும். கையிருப்பு இரண்டுக்குக் கீழே இறங்கினால் அந்த வாரம் நாவலை நிறுத்திவிட்டு மூன்று காலையையும் தொடருக்குக் கொடுங்கள்.

தொண்ணூற்றொன்பது எழுதியது:

கோப்புக் குழப்பத்துக்கு ஒரே மருந்து, மூலக் கோப்பு ஒன்றுதான், அது மடிக்கணினியில் மட்டும்தான் என்று வைத்துக்கொள்வது. கைபேசியில் மூலக் கோப்பைத் திறக்கவே கூடாது. பேருந்தில் தோன்றுவதையெல்லாம் குறிப்புச் செயலியில் 'வரவு' என்று ஒரே குறிப்பில் போட்டுக்கொண்டே போங்கள். இரவில் அதை வெட்டி மூலக் கோப்பில் ஒட்டிவிட்டு, கைபேசிக் குறிப்பைக் காலி செய்யுங்கள். காலியாக இருந்தால் ஏற்றியாயிற்று, இல்லையென்றால் ஏற்றவில்லை. வேறு அடையாளமே தேவையில்லை.

கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு தேதி, பிறகுதான் 'தொடர் 07'. அப்போதுதான் பெயர் வரிசைப்படி அடுக்கினால் கால வரிசையில் நிற்கும். தேதியை முன்னால் போட்டால் எல்லா மாதத்து 1-ஆம் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும். 'இறுதி', 'இறுதி புதுசு', 'இதுதான் இறுதி' என்ற பெயர்களைத் தடை செய்துவிடுங்கள்.

காப்புப் பிரதி மூன்று வேண்டும்: மடிக்கணினியில் ஒன்று, பென் டிரைவிலோ வெளி வன்தட்டிலோ ஒன்று, வீட்டுக்கு வெளியே மேகத்தில் (இணையச் சேமிப்பகத்தில்) ஒன்று. மேகத்தில் தானாக ஒத்திசையும் கோப்புறையை மட்டும் நம்பாதீர்கள். இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். வாரம் ஒரு முறை அன்றைய கோப்பைத் தனியாக உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்வது பழைய பாணி, ஆனால் தேதியோடு நிற்கும். மாதம் ஒரு தடவை காப்புப் பிரதியைத் திறந்தும் பாருங்கள். திறக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

தட்டச்சு: ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கிறீர்கள் என்றால், நாவலும் தொடருமாக இன்னும் 54,600 சொல் எழுதப்போகிற ஆள் தமிழ்99 விசைப்பலகை முறைக்கு மாறுவது லாபம். 'எழுத்து' என்பது தமிழ்99-இல் ஆறு விசை, ஒலிபெயர்ப்பில் எட்டு. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும்: அ, ம, ம, ஆ என்று நான்கு விசையில் 'அம்மா'. ந-த, ண-ட, ம-ப, ன-ற, ங-க, ஞ-ச ஆகிய இணைகளிலும் அப்படியே. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதற்கு நேர் எதிரானது. 'பப்பாளி' அடிக்கும்போது முதல் ப-வில் புள்ளி விழுந்துவிடும். அங்கே ப-வுக்கு அடுத்து அ விசையைத் தட்ட வேண்டும். முதல் பத்து நாள் வேகம் பாதியாகக் குறையும் என்பதால், தொடர் தொடங்குவதற்கு முன்பே பழகிவிடுங்கள், நடுவில் வேண்டாம். விண்டோஸுக்கு என்.எச்.எம். ரைட்டர் அல்லது இ-கலப்பை, மேக்கில் கூடவே வருகிறது, கைபேசிக்குச் செல்லினம்.

சொல்லி எழுதவைக்கும் குரல் தட்டச்சு முதல் வரைவுக்கு மட்டும் சரி. நிறுத்தக்குறி பெரும்பாலும் வராது, ஒற்று எங்கே போடும் எங்கே விடும் என்று சொல்ல முடியாது, ற-ர, ன-ண மாறும். வட்டார வழக்கு உரையாடலை அது எழுத்துவழக்காக 'திருத்தி'யும் வைக்கும், அதுதான் பெரிய ஆபத்து. 300 சொல்லைப் பேசிவிட்டு அரை மணி நேரம் சுத்தம் செய்வதைவிட, அடித்துவிடுவது மேல்.

மூன்றாம்ஜாமம் எழுதியது:

நீலமை சொன்ன காலை 5:15 எல்லோருக்கும் ஆகாது. கைக்குழந்தை இருக்கிற வீடு, தண்ணீர் லாரி வருகிற தெரு, காலை ஷிப்ட் என்று எவ்வளவோ. இரவு 10 முதல் 11:15 வரை எழுதுகிறவர்களுக்கு ஒரே நிபந்தனை, வீட்டுக்கு வந்ததும் உட்காரக் கூடாது. சாப்பாட்டுக்கும் மேசைக்கும் நடுவே அரை மணியாவது நடை. அலுவலகப் பேச்சு காதிலிருந்து இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.

சொல் கணக்கு விஷயத்திலும் எனக்கு மாறுபாடு உண்டு. தொடருக்குச் சரி, இதழில் இடம் அளந்து வைத்திருக்கிறார்கள். நாவலில் தினம் 400 என்று வைத்தால் கை தானாகவே வர்ணனையை நீட்டும், கதாபாத்திரங்கள் காபி குடித்துக்கொண்டே இருப்பார்கள். நாவலுக்குக் காட்சிக் கணக்கு வையுங்கள்: வாரம் இரண்டு காட்சி. ஒன்று 300 சொல்லில் முடியலாம், இன்னொன்று 1,100 போகலாம்.

கையெழுத்திலும் யோசியுங்கள். நாள் முழுக்கத் திரை பார்க்கிற வேலை என்றால் முதல் வரைவைத் தாளில் எழுதி, இரவில் தட்டச்சு செய்வதே இரண்டாம் வரைவாகிவிடும். தட்டச்சு செய்யச் சலிப்பாக இருக்கிற பத்திதான் வெட்ட வேண்டிய பத்தி, விரலே காட்டிக்கொடுக்கும். தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், இடது ஓரம் இரண்டு விரல் அகலம் விடுங்கள், ஒவ்வொரு தாளுக்கும் எண் போடுங்கள். நடுவில் சேர்க்க வேண்டியது வந்தால் 14அ, 14ஆ என்று தனித் தாள். இரு பக்கமும் எழுதினால் வெட்டி ஒட்ட முடியாது. அன்றன்று எழுதியதைக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினால் நீல மை நிற்காது.

உடம்பு: திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில். மடிக்கணினியில் அது சாத்தியமே இல்லை, ஏனென்றால் திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருக்கின்றன. நான்கைந்து தடித்த புத்தகத்தின் மேல் கணினியை ஏற்றி, தனி விசைப்பலகை ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டு மேசை விளிம்பில் அழுந்தக் கூடாது. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளியுள்ள எதையாவது 20 வினாடி பாருங்கள், ஜன்னலோரம் மேசை போட்டால் இது நினைவூட்டாமலே நடக்கும். எழுத்தளவை 16 புள்ளிக்குக் குறையாமல் வையுங்கள். சின்ன எழுத்தில் புள்ளி விட்டுப்போனது கண்ணில் படாது.

இன்னொரு விஷயம், யாரும் சொல்லவில்லை. அரசு வேலை என்றால் நடத்தை விதியைப் பாருங்கள். மத்திய அரசின் 1964 விதிகள் அவ்வப்போது செய்யும் இலக்கியப் பணியை முன்அனுமதி இல்லாமல் அனுமதிக்கின்றன, வேலைக்கு இடைஞ்சல் இல்லாதவரை. 26 வாரம் தொடர்ந்து வருவதை உங்கள் மேலதிகாரி 'அவ்வப்போது' என்று எடுத்துக்கொள்வாரா என்பது வேறு கேள்வி. தகவல் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தனியார் நிறுவனம் என்றால் நியமன ஆணையில் 'வேறு பணி' பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். எங்கே வேலை என்றாலும் அலுவலகக் கணினியிலும் அலுவலக மின்னஞ்சலிலும் கதையை வைக்காதீர்கள்.

காலிப்ரூஃப் எழுதியது:

பிழை பார்க்கும் இரவுக்கு என்ன செய்வது என்று யாரும் விரித்துச் சொல்லவில்லை. ஒரே வாசிப்பில் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்த்தால் எதுவும் சிக்காது. மூன்று சுற்று.

முதல் சுற்று, கணினியின் 'தேடு' வசதியை வைத்து. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகள் தமிழில் நிறைய. 'அவர்' என்பதில் ர-வுக்குப் பதிலாக ஆகாரக் கால் போட்டுப் புள்ளி வைத்து 'அவா்' என்று இருக்கும். பழைய எழுத்துருக்களில் காலுக்கும் ர-வின் உடலுக்கும் ஒரே உரு என்பதால் மாற்றி எடுத்த கோப்புகளில் இது கொட்டிக் கிடக்கும். காலுக்கு மேல் புள்ளி தமிழில் எங்கும் வராது, ஆகவே 'ா்' என்று தேடி 'ர்' என்று மொத்தமாக மாற்றிவிடலாம். 'ாி', 'ாீ' இரண்டும் அப்படியே 'ரி', 'ரீ' ஆகும்.

ஆனால் 'கௌரவம்' என்பதற்குப் பதில் 'கெளரவம்' (ஒற்றைக்கொம்பும் ள-வும்) என்று இருப்பதை மொத்தமாக மாற்றக் கூடாது. 'கெள' எல்லாவற்றையும் 'கௌ' ஆக்கினால் கெளுத்தி மீன் செத்துவிடும். 'தெள', 'வெள' என்று போனால் தெளிவும் வெள்ளமும் சேர்ந்து போகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். 'ஔவை' என்பதும் 'ஒள' என்று பிரிந்திருக்கும். எ என்ற எழுத்தின் இடத்தில் தமிழ் எண் ௭, க-வின் இடத்தில் ௧ உட்கார்ந்திருப்பதும் உண்டு. கண்ணால் பிடிக்க முடியாது, தேடலில்தான் மாட்டும்.

இரண்டாம் சுற்று, ஒற்று. பிழைகளில் பெரும்பங்கு நாலைந்து இடத்தில்தான். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி என்பவற்றுக்குப் பின் மிகும், அது, இது, எது என்பவற்றுக்குப் பின் மிகாது. ஐ, கு உருபுகளுக்குப் பின் மிகும்: வீட்டைப் பார்த்தான், ஊருக்குப் போனான். பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: படித்த புத்தகம். 'படித்துப் பார்த்தான்' மிகும், 'செய்து பார்த்தான்' மிகாது, முன்னது வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது கடைசி எழுத்துக்கு முன் வல்லின ஒற்று நிற்கும் சொல். 'வரச் சொன்னான்', 'போகக் கூடாது' என்பவற்றில் மிகும். நீச்சல்காரன் உருவாக்கிய நாவி சந்திப்பிழைக்கும், வாணி எழுத்துப்பிழைக்கும் உதவும். கருவி சொல்வதை அப்படியே ஏற்காமல் குறி காட்டிய இடத்தை நீங்கள் படித்து முடிவெடுங்கள். பேச்சுவழக்கு உரையாடலை அதில் போட்டால் பக்கம் முழுக்கச் சிவப்பாகும், அதனால் உரையாடல் நீங்கலான பகுதியை மட்டும் கொடுக்கலாம்.

பேச்சுவழக்கில் ஒற்று போடுவதா என்று தினம் ஒரு சண்டை நடக்கும். உங்களுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள், 26 வாரமும் மாறக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாம் சுற்று, வாய்விட்டுப் படிப்பது. முடிந்தால் கணினியைப் படிக்கவிட்டு நீங்கள் கேளுங்கள். இயந்திரக் குரல் உணர்ச்சி காட்டாது, ஆனால் விட்டுப்போன சொல்லையும் இருமுறை வந்த சொல்லையும் அப்படியே படித்துக் காட்டும். நாம் படித்தால் மனசு நிரப்பிக்கொள்ளும்.

தொடர் எழுதுகிறவருக்கு மிக அவசியமானது நடை அட்டவணை. ஒரு தாளில் மூன்று பகுதி. முதலில் எழுத்து முடிவுகள்: பேருந்தா பஸ்ஸா, காப்பியா காபியா, எண்ணுக்குப் பின் சிறுகோடா இல்லையா. அடுத்து, ஒவ்வொரு பாத்திரத்தின் பேச்சு. மதுரைப் பக்கத்து ஆள் 'வந்தாய்ங்க' என்றால் கடைசி வரை 'வந்தாய்ங்க', நெல்லைக்காரர் 'சொன்னாவ' என்றால் 'சொன்னாவ'. ஒன்பதாம் அத்தியாயத்தில் இருவரும் ஒரே மாதிரிப் பேசத் தொடங்கிவிடுவார்கள், கவனித்துப் பாருங்கள். மூன்றாவது உறவு அட்டவணை: யார் யாரை என்ன சொல்லி அழைக்கிறார்கள், யார் யாருக்கு 'நீ', யாருக்கு 'நீங்க'. அத்தையும் சித்தியும் குழம்பினால் குடும்ப மரமே தப்பாகிவிடும், வாசகர் கடிதம் மறு வாரமே வந்துவிடும். கூடவே வயது, பிறந்த ஆண்டு, கதை நடக்கும் மாதம். ஆடியில் கல்யாணம் வைத்துவிட்டுப் பிறகு முழிக்கிறவர்கள் உண்டு.

சொல்லில் சந்தேகம் வந்தால், இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, பழஞ்சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி. பழைய இதழ், விளம்பரம், விலை விவரம் தேட வேண்டியிருந்தால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். 'ஃஃ' சந்தேகங்களை அங்கே போகிற ஒரு சனிக்கிழமைக்கென்று சேர்த்து வையுங்கள், ஒவ்வொன்றுக்காகவும் ஓடினால் கட்டுப்படியாகாது.

கரிசல்மண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 'ஃஃ' இன்றிலிருந்தே. கெளுத்தி மீனை நல்லவேளை காப்பாற்றினீர்கள், மொத்தமாக மாற்றுவதாகத்தான் இருந்தேன்.

இன்னும் இரண்டு. இதழில் யூனிகோடு வேண்டாம், பழைய எழுத்துருவில் மாற்றி அனுப்புங்கள் என்கிறார்கள். மாற்றினால் அங்கங்கே உடைகிறது. அடுத்து, பதிப்பாளரிடம் கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஃபாரம்பதினாறு எழுதியது:

எழுத்துரு முதலில். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவை ஒட்டிவைத்தவை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அரைப்புள்ளி இருக்கிற இடத்தில்தான் மெய்யின் புள்ளி. ஆகவே மாற்றும்போது எப்போதும் உடைவது ஆங்கிலச் சொல், இணைய முகவரி, அரைப்புள்ளி, வளைந்த மேற்கோள் குறி, நீளக் கோடு, க்ஷ, ஸ்ரீ. இவற்றை முன்கூட்டியே கோப்பில் குறித்து வையுங்கள். மேற்கோள் குறியை நேர்க்குறியாக்கிவிட்டு மாற்றினால் பாதி தொல்லை தீரும். மாற்றிய கோப்போடு, யூனிகோடு கோப்பையும், அதிலிருந்து எடுத்த பி.டி.எஃப். ஒன்றையும் சேர்த்தே அனுப்புங்கள். லே-அவுட் செய்கிறவர் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய மூலம் யூனிகோடு மட்டும். பழைய எழுத்துருவில் மட்டும் சேமித்த தொடரை ஐந்து வருஷம் கழித்து நூலாக்கும்போது முழுதும் மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டிவரும்.

யூனிகோடையே இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் எடுத்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் தேர்வாகவில்லை என்று அர்த்தம். அதை மாற்றினால் சரியாகிவிடும். எழுத்துருவைக் குறை சொல்லி நாள் கணக்கில் அலைகிறார்கள்.

பக்கமாகி வந்த பி.டி.எஃப். உங்களுக்கு வந்தால் முழுதும் படிக்க நேரம் இராது. தலைப்பு, உங்கள் பெயர், 'சென்ற வாரம்' குறிப்பு, ஒவ்வொரு பத்தியின் முதல் வரி, கடைசி வரி, பிறகு கடைசிப் பத்தி முழுவதும். இடம் போதாமல் போனால் கீழிருந்துதான் வெட்டுவார்கள், உங்கள் அத்தியாயத்தின் கடைசி வரிதான் பலியாகும். அதனால் 900 கேட்டால் 880-இல் நிறுத்துங்கள்.

நாவல் 53,200 சொல் என்று நீலமை கணக்குப் போட்டிருக்கிறார். டெமி அளவில், அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலத்தில், பக்கத்துக்குச் சுமார் 220 சொல் வைத்தால் 242 பக்கம். முன் பக்கங்கள் 8 சேர்த்தால் 250. ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் கட்டு, 16 பக்கம் என்பதால் 256-க்கு ஏறும், 16 ஃபாரம். முன்னுரை, நன்றியுரை எல்லாம் அந்த மிச்ச 6 பக்கத்துக்குள் அடங்கட்டும். 258 பக்கமாகிவிட்டால் பதிப்பாளர் இரண்டு பக்கத்தை வெட்டச் சொல்வார், அல்லது எழுத்தைச் சிறிதாக்குவார். ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வர வேண்டுமென்றால் திருத்திய பிரதி செப்டம்பரிலாவது அவர் கையில் இருக்க வேண்டும். டிசம்பரில் அச்சகங்களில் நிற்க இடம் இருக்காது, அவசரத்தில் மெய்ப்பு ஒரு சுற்றோடு போய்விடும்.

ஒப்பந்தம். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும், பாதி தெளிந்துவிடும். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்தப் பரப்பு, ராயல்டி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கால அளவு சொல்லப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். பரப்பு சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும். ஒப்படைத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய. அந்த 'வேறு விதமாக' என்பதைத்தான் தேட வேண்டும். 'காப்புரிமைக் காலம் முழுவதும்' என்று ஒரு வரி நடுவில் கிடக்கும். அப்படியென்றால் உங்கள் ஆயுளும் அதன் பிறகு 60 ஆண்டும்.

ராயல்டி 10 சதவீதம் என்பது வழக்கமான பேச்சு. எதில் 10 என்று கேளுங்கள். அட்டை விலையிலா, கழிவு போக வந்த தொகையிலா? 300 ரூபாய் நூலுக்கு அட்டை விலையில் என்றால் 30 ரூபாய். கடைக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்த பிறகு வரும் 180-இல் என்றால் 18 ரூபாய். நூலக ஆணைக்குப் போகும் பிரதிகளுக்கு என்ன கணக்கு என்று தனியாக எழுதி வாங்குங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளை ஒரே வரியில் 'இதர உரிமைகள்' என்று கட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

தொடருக்கு இப்போதே, முதல் அத்தியாயம் போகும் முன்பே, ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல்: இதழில் ஒரு முறை வெளியிடும் உரிமை மட்டும் உங்களுக்கு, நூலாக்கும் உரிமை என்னிடம், என்று. "சரி" என்று அவர் பதில் போட்டால் அதைத் தாளில் எடுத்துக் கோப்பில் வையுங்கள். பிறகு ஆசிரியர் மாறினாலும் அது பேசும்.

வரி பற்றி ஒரு வரி. ராயல்டியில் 10 சதவீதம் பிடித்தம் உண்டு, 2025-26 முதல் ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான், முன்பு அது 30,000. பிடித்ததாகச் சொல்லிவிட்டுக் கட்டாமல் இருக்கிறார்களா என்று வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் சரிபாருங்கள்.

தொண்ணூற்றொன்பது எழுதியது:

ஃபாரம் சொன்னதில் ஒரு சேர்க்கை. மேற்கோள் குறியை நேராக்கிவிட்டால் போதாது, வேர்டில் தானாக வளைக்கும் வசதியை அணைத்துவிட்டுத்தான் நேராக்க வேண்டும். இல்லையென்றால் 'மாற்று' அழுத்திய கையோடு மறுபடி வளைத்துவிடும். அணைக்கிற இடம், தானியங்கித் திருத்த அமைப்பில் 'தட்டச்சு செய்யும்போதே' என்ற தாவல்.

காலிப்ரூஃப் எழுதியது:

அதைச் செய்துவிட்டு 'ஃஃ' என்று ஒரு கடைசித் தேடல் போடுங்கள், ஒவ்வொரு வாரமும், அனுப்பு பொத்தானுக்கு முன்னால். "ஃஃ மாமனார் பெயர்?" என்று அச்சில் வந்தால் வாசகர் மறக்கமாட்டார்.